தொட்டிலின் மேல் குனியும் முகம்

தொட்டில் என்னும் சொல் தேனி மாவட்டத்து மக்களின் செவியில் இருவேறு பொருளில் ஒலிப்பது. வீட்டு விட்டத்தில் தாயின் பழஞ்சேலையைக் கட்டி மகவை உறங்கவைக்கும் தூளி ஒன்று. வளர்க்க விரும்பாத பெண் மகவைக் கொல்லாமல் விட்டுச் செல்லுங்கள் என்று அரசு வைத்த தொட்டில் மற்றொன்று. 1992-ஆம் ஆண்டு சேலத்தில் தொடங்கப்பெற்ற தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களையும் நெல்வயல்களையும் பாடுவோர் இந்த இரண்டாவது தொட்டிலைப் பாடுவதில்லை. ஆயினும் இம்மண்ணின் அண்மைக்கால வரலாற்றில் அதற்கும் இடம் உண்டு.

தாயையும் சேயையும் தீட்டிய பிரெஞ்சு மனப்பதிவு ஓவியர்களின் (இம்ப்ரெஷனிஸ்டுகளின்) படைப்புகளை இந்த இரண்டாவது தொட்டிலின் அருகில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பெர்த் மொரிஸோ, மேரி கசாட் ஆகிய இரு பெண் ஓவியர்களின் தாய்-சேய் ஓவியங்கள் நாட்காட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் மிகுதியாக அச்சிடப்பட்டுவிட்டன. அதனாலேயே அவை இனிமையானவை, மென்மையானவை, அதற்கு மேல் அவற்றில் ஒன்றும் இல்லை என்னும் எண்ணம் பரவிவிட்டது. இவ்வெண்ணம் சரியானதன்று என்பதை அவ்வோவியங்களைக் கூர்ந்து நோக்குவோர் உணர்வர்.

உயிருருவங்களைத் தீட்டுவது பற்றி நம் மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதத்துள் இக்கட்டுரை புகவில்லை. பிற சமூகம் ஒன்று தன் குழந்தைகளை எவ்வாறு நோக்கியது என்பதற்கான சான்றாகவே இவ்வோவியங்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அச்சான்றின் முன் நம்மையும் நிறுத்திப் பார்ப்பது பயனுடையது.

பாரிஸில் ஒரு தொட்டில்

1874 ஏப்ரல் 15 அன்று, பாரிஸ் நகரில் நாதார் என்னும் புகைப்படக் கலைஞரின் பழைய நிலையத்தில் ஓவியக் கண்காட்சி ஒன்று திறக்கப்பட்டது. அரசு சார்ந்த சலோன் கண்காட்சியின் கட்டுப்பாடுகளை ஏற்காத ஓவியர்கள் தாமே கூடி நடத்திய முதற் கண்காட்சி அது. அங்கு வைக்கப்பட்டிருந்த மோனேயின் ஓவியம் ஒன்றின் தலைப்பைக் கொண்டு லூயி லெருவா என்னும் திறனாய்வாளர் எள்ளலாக இட்ட பெயரே பின்னர் ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. அக்கண்காட்சியில் பங்கேற்ற பெண் ஓவியர் பெர்த் மொரிஸோ (1841–1895). அவர் வைத்த படைப்புகளுள் ஒன்று ‘தொட்டில்’. 1872-இல் தீட்டப்பட்ட அவ்வோவியம், உயரம் 56 செண்டிமீட்டரே உடைய சிறு படம். இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது.

வெண்ணிற வலைத்துணி போர்த்திய தொட்டிலில் சில மாதக் குழந்தை உறங்குகிறது. அருகில் கருநிற உடையணிந்த தாய் அமர்ந்திருக்கிறாள். அவளது ஒரு கை தலையைத் தாங்கியுள்ளது. மறு கை தொட்டிலின் திரை ஓரத்தைப் பற்றியுள்ளது. தாயின் மடங்கிய கையும் உறங்கும் மகவின் மடங்கிய கையும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. திரைக்குப் பின்னால் குழந்தையின் முகம் மங்கலாகத் தெரிகிறதேயன்றி நமக்கு முழுமையாகக் காட்டப்படவில்லை. காண்போர்க்கும் மகவுக்கும் இடையே அந்தத் திரை நிற்கிறது. தாய்க்கு மட்டுமே அத்தடை இல்லை.

அத்தாய், ஓவியரின் உடன்பிறந்த சகோதரி எட்மா. குழந்தை, அவருடைய மகள் பிளான்ஷ். சகோதரியர் இருவரும் இளமையில் ஒன்றாகவே ஓவியம் பயின்றவர்கள்; புகழ்பெற்ற நிலக்காட்சி ஓவியர் கொரோவிடம் பாடம் கேட்டவர்கள்; சலோன் கண்காட்சியில் இருவர் படங்களும் இடம்பெற்றன. 1869-இல் கடற்படை அதிகாரி ஒருவரை மணந்தபின் எட்மா தூரிகையை வைத்துவிட்டார். இதனை அறிந்தபின் அந்தத் தாயின் பார்வையில் அன்போடு வேறொன்றும் கலந்திருப்பதைக் காண்கிறோம். அது களைப்பாகலாம், கைவிட்ட கலையைப் பற்றிய நினைவாகவும் இருக்கலாம். ஓவியர் அதனை நமக்கு விளக்கிச் சொல்லவில்லை. தாய்மையை அவர் மலர் தூவிப் போற்றவில்லை, இரங்கத்தக்கதாகவும் காட்டவில்லை. ஒரு பெண் தன் பெண் மகவை நெடுநேரம் உற்றுப் பார்க்கிறாள் என்பதை மட்டும் பதிவுசெய்கிறார்.

கண்காட்சிக்கு வந்தோர் இவ்வோவியத்தைப் பெரிதும் கவனிக்கவில்லை. அது விலைபோகவும் இல்லை. குடும்பத்தினரிடமே இருந்த அதனை 1930-இல்தான் லூவ்ர் அருங்காட்சியகம் வாங்கியது.

மகனிடமிருந்து மகளுக்கு

ஐரோப்பிய ஓவியத்தில் தாயும் சேயும் புதிய பொருளல்லர். பல நூற்றாண்டுகளாகத் தேவாலயச் சுவர்களிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் அன்னை மர்யம் (அலை) அவர்களும் மகன் ஈஸா (அலை) அவர்களும் எண்ணிலடங்கா முறை தீட்டப்பட்டனர். அவ்வோவியங்களில் தாயின் மடியில் இருப்பது எப்போதும் மகன். அக்பர்நாமாவுக்கு முகலாய அரசவை ஓவியர்கள் தீட்டிய மகப்பேற்றுக் காட்சிகளுள் பெயர்பெற்றது இளவரசர் சலீமின் பிறப்பு. அதிலும் கொண்டாடப்படுவது மகனே. வழிபாட்டுக்குரிய மகன், அரியணைக்குரிய மகன் என்னும் இரு வரிசைகளிலும் சாதாரண வீட்டுப் பெண் மகவுக்கு இடமில்லை.

மொரிஸோவும் கசாட்டும் ஓவிய வரலாற்றில் செய்த மாற்றத்தை இந்தப் பின்னணியில் அளத்தல் வேண்டும். தொட்டிலில் பிளான்ஷ், அதன்பின், 1878-இல் பிறந்த மொரிஸோவின் ஒரே மகள் ழூலி. மகளின் மழலைப் பருவம் தொடங்கித் தம் இறுதிநாள் வரை, பதினாறு ஆண்டுகள் மொரிஸோ அவளைத் தீட்டிக்கொண்டே இருந்தார். அவள் புகழ்பெறப்போகும் பெண் என்பதற்காகவோ வேறு எதற்குமான குறியீடாகவோ தீட்டவில்லை. அவள் இருக்கிறாள், வளர்கிறாள் என்பதே அந்த நீண்ட வரிசைக்குப் போதிய காரணமாக இருந்தது.

மேரி கசாட் (1844–1926) அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்து பிரான்சில் வாழ்ந்தவர், மணம் புரியாதவர். 1877-இல் டெகாவின் அழைப்பை ஏற்று இவ்வியக்கத்தில் சேர்ந்தார். 1890-இல் பாரிஸில் நடந்த ஜப்பானிய மர அச்சோவியக் கண்காட்சி அவர் கலையைத் திசைதிருப்பியது. உத்தமாரோ முதலிய கீழைக் கலைஞர்கள் தாயும் சேயும் குளிப்பதையும் விளையாடுவதையும் எளிய கோடுகளில் காட்டியிருந்த முறையைக் கற்றுக்கொண்டு, 1891-இல் பத்து வண்ண அச்சோவியங்களை உருவாக்கினார். 1893-இல் தீட்டிய ‘குழந்தையின் நீராட்டு’, சிகாகோ கலைக்கழகத்தில் உள்ளது. அதில் கோடுபோட்ட ஆடையணிந்த பெண் ஒருத்தி, சிறுமியைத் தன் மடியில் இருத்தி, ஒரு கையால் இடையை அணைத்து, மறு கையால் தட்டத்து நீரில் அவள் காலைக் கழுவுகிறாள். இருவர் பார்வையும் கீழே, நீரில் இருக்கும் பாதத்தை நோக்கியுள்ளது. நம்மை நோக்கிப் புன்னகைக்க அவர்களுக்கு நேரமில்லை.

இவ்வோவியத்தின் கனம் அந்தக் கைகளில் உள்ளது. வழுக்கும் குழந்தையைப் பிடிக்கும் பிடியின் உறுதி, பாதத்தைத் தாங்கும் விரல்களின் கவனம் ஆகியவற்றைக் குழந்தையைக் குளிப்பாட்டிய எவரும் அறிவர். காலை நீட்டி அமர்ந்து, பேரக் குழந்தையைக் கால்களின் மேல் கிடத்தி வெந்நீர் ஊற்றும் நம் பாட்டிமார் இவ்வோவியத்தைக் கண்டால் ஓவியரை மெச்சுவதற்கு முன் அந்தப் பெண்ணின் பிடியையே மெச்சுவர். அன்பு என்று நாம் பொதுப்படச் சொல்வது இங்கு ஒரு வேலையாக, நாள்தோறும் செய்யவேண்டிய வேலையாகக் காட்டப்பட்டுள்ளது. இனிமை அதன் விளைவாக வந்து சேர்வது.

அதே 1893-இல் சிகாகோ உலகப் பொருட்காட்சியின் மகளிர் கட்டடத்திற்காக கசாட் பெரிய சுவரோவியம் ஒன்றையும் தீட்டினார். அதன் நடுப்பகுதி, பெண்கள் அறிவுக் கனிகளைப் பறிக்கும் தோட்டம். பொருட்காட்சிக்குப் பின் அது காணாமற் போயிற்று. காலைக் கழுவும் சிறு படத்தையும் கனி பறிக்கும் பெரும் படத்தையும் ஒரே கையே தீட்டியது என்பதை மறந்துவிட்டால் கசாட்டைப் புரிந்துகொள்ள இயலாது. பெண் மகவைப் பேணுதலும் அவளுக்கு அறிவைத் தருதலும் அவரளவில் ஒரே கடமையின் இரு பகுதிகள்.

மர்யம் (அலை) அவர்களை மகனுடன் தீட்டிய ஓவியங்களைக் குறிப்பிட்டோம். மர்யமே பெண் மகவாய்ப் பிறந்த வரலாற்றைத் திருமறையின் ஆலு இம்ரான் அத்தியாயம் விரிவாகப் பேசுவது இங்கு கருதத்தக்கது. இம்ரானின் துணைவியார் தம் வயிற்றுப் பிள்ளையை இறைபணிக்கென நேர்ந்துகொண்டார். பிறந்ததோ பெண். அத்தாயின் தயக்கத்தை மறைக்காமல் கூறும் இறைமறை, அப்பெண் மகவை இறைவன் உவந்து ஏற்றுக்கொண்டதையும் ஸக்கரிய்யா (அலை) அவர்களின் பொறுப்பில் வளர்த்ததையும் தொடர்ந்து கூறுகிறது. மகன் பிறப்பதற்கு முன்னரே, மகள் ஏற்கப்பட்டாள் என்பது நம் மறை வலியுறுத்தும் செய்தி.

பாலூட்டிய பெண்

1880-இல் மொரிஸோ தீட்டிய ஓவியம் ஒன்றில், பசுமை நிறைந்த தோட்டத்தில் வெண்ணிற உடையணிந்த பெண்ணொருத்தி மகவுக்குப் பாலூட்டுகிறாள். மகவு ழூலி. பாலூட்டுபவள் தாயல்லள், ஆஞ்செல் என்னும் செவிலி. தாய் இப்பால் நின்று தூரிகையுடன் அதனைத் தீட்டுகிறாள். விரைந்த தீற்றல்களில் முகங்கள் கரைந்து, வெண்மையும் இளஞ்சிவப்பும் பசுமையோடு கலந்துவிடுகின்றன. ஊதியத்திற்குப் பாலூட்டும் உழைப்பாளி ஒருத்தியை, ஓவியம் தீட்டும் மற்றோர் உழைப்பாளி தீட்டிய படம் இது. வெளிப்பார்வைக்குத் தாய்-சேய் ஓவியம். உள்ளே இரு தொழில்களின் சந்திப்பு.

அக்காலப் பிரான்சில் செவிலியர் மகவை வளர்ப்பது பெரும் தொழிலாக இருந்தது. முதல் கண்காட்சி நடந்த அதே 1874-இன் டிசம்பரில், செவிலியரிடம் விடப்படும் குழந்தைகளைக் காக்க ரூசல் சட்டம் என்னும் சட்டம் இயற்றப்பட்டது. அத்தகைய குழந்தைகளிடையே இறப்பு மிகுந்திருந்ததே காரணம். செல்வர் வீட்டுக்குப் பாலூட்ட வந்த செவிலி, தன் மகவைப் பெரும்பாலும் ஊரில் விட்டுவிட்டே வந்தாள். மொரிஸோவின் ஓவியத்தில் அந்த மற்றொரு மகவு இல்லை. அது எங்கே என்னும் வினாவை எழுப்பாமல் இப்படத்தை இன்று பார்க்க இயலவில்லை.

இவ்வினா கம்பம் பள்ளத்தாக்குக்குப் புதியதன்று. கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழிகளில் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன் ஜீப்புகளில் செல்லும் பெண்கள் பலர் தாய்மார்கள். அவர்கள் மலையேறும்போது மகவு தூளியில், பாட்டியின் பொறுப்பிலோ மூத்த மகளின் பொறுப்பிலோ உறங்குகிறது. தாயின் சேலையே தூளியாதலால் அவள் மணம் மட்டும் மகவைச் சுற்றியிருக்கிறது. நம் சமையலறைகளில் மணக்கும் ஏலக்காய்க்குப் பின்னே, அன்று பகல் முழுதும் தாயைக் காணாத மகவொன்று இருக்கக்கூடும்.

செவிலித்தாயை இஸ்லாம் வைத்த இடம் இங்கு ஒப்பிடத்தக்கது. பாலூட்டும் காலம், அக்காலத்தில் தாய்க்கு உணவும் உடையும் அளிக்கவேண்டிய தந்தையின் கடமை, செவிலியை அமர்த்தினால் முறையான ஊதியம் தருதல் ஆகியவற்றைத் திருமறையின் பகரா அத்தியாயம் சட்டமாகவே வகுக்கிறது. அதற்கும் மேலாக, பாலூட்டியவள் தாயாகிறாள். அவள் மக்கள் உடன்பிறந்தோராகின்றனர். மணவிலக்கு உறவும் அதனால் உண்டாகிறது. கூலி கொடுத்ததும் கணக்கு முடிந்துவிடுவதில்லை. தந்தையை இழந்த மகவு என்பதால் பிறர் தயங்கிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை ஏற்று வளர்த்த அன்னை ஹலீமா (ரலி) அவர்களுக்கு, பிற்காலத்தில் அண்ணலார் தம் மேலாடையை விரித்து அமரச் செய்ததை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில் ‘அலிமா முலையூட்டுப் படலம்’ என ஒரு படலமே அமைத்தார். ஒரு பாலைநிலச் செவிலிக்குத் தமிழ்க் காப்பியத்தில் தனிப்படலம் கிடைத்தது சிறிய செய்தியன்று.

உருவம் தீட்டாத நம் மரபு, தாயையும் சேயையும் சொல்லால் தீட்டியது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்யிது அனபியா புலவர் பாடிய நபிநாயகம் பிள்ளைத்தமிழ் முதலாக, இறைத்தூதரையும் இறைநேசர்களையும் குழந்தையாக்கித் தாலாட்டிய பிள்ளைத்தமிழ்கள் பல உள்ளன. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் எனப் பருவந்தோறும் மகவை உற்றுநோக்கும் அவ்விலக்கியம், மொரிஸோ பதினாறு ஆண்டுகள் செய்த பணியைப் பத்துப் பருவங்களில் செய்தது எனலாம். ஆயினும் புலவர் பாடிய மகவு மாண்புடையோராய் அறியப்பட்ட மகவு. பெயரறியாத வீட்டுப் பெண் மகவைப் பாடியவர்கள் எழுத்தறியாத தாய்மார்களே. அவர்கள் தாலாட்டுகளுள் ஏட்டில் ஏறியவை சிலவே.

தேனியில் ஒரு தொட்டில்

இனி அரசின் தொட்டிலுக்கு வருவோம். 1986-இல் ஆங்கில இதழ் ஒன்று உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக்கொலையைப் பற்றி எழுதியபின் நாடே திடுக்கிட்டது. மதுரை மாவட்டத்திலிருந்து பின்னர்ப் பிரிக்கப்பட்ட தேனிப் பகுதியும் அந்நிழலிலிருந்து தப்பவில்லை. தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா 1994-இல் இயக்கிய ‘கருத்தம்மா’, இக்கொடுமையையே கதைப்பொருளாகக் கொண்டது. கொல்லப்படவிருந்த பெண் மகவு காப்பாற்றப்பட்டு மருத்துவராகித் திரும்பும் கதை அது. பாலூட்ட வேண்டிய வாயில் கள்ளிப்பால் ஊற்றப்பட்டது என்னும் செய்தியைக் கேட்டபின், தாய்-சேய் ஓவியங்களை வெறும் அழகுப் பொருளாகப் பார்க்க இம்மண்ணின் மாந்தர்க்கு இயலாது.

தொட்டில் குழந்தைத் திட்டம் உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பெண் மகவை வேண்டாப் பொருளாக்கும் காரணங்களை அது தொடவில்லை என்று குறைகூறியோரும் உண்டு. பிறந்தபின் கொல்வது குறைந்த இடங்களில், பிறக்குமுன் ஸ்கேன் மூலம் அறிந்து கருவை அழிப்பது கவலைக்குரியதாயிற்று. பாலினம் கண்டறிவதைத் தடைசெய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்காகவே வந்தது. வரதட்சணையும் சொத்துரிமை மறுப்பும் நீடிக்கும்வரை தொட்டில்களும் சட்டங்களும் பாதி வேலையையே செய்ய இயலும்.

மொரிஸோவின் தொட்டிலையும் இந்தத் தொட்டிலையும் அருகருகே வைத்தால் வேறுபாடு ஒன்றே. அங்கு ஒரு முகம் குனிந்திருக்கிறது. இங்கு முகம் திரும்பிப் போய்விட்டது. ஓவியம் காட்டும் அந்தப் பார்வை எளிதில் கிடைப்பதன்று, எங்கும் தானாக அமைந்துவிடுவதும் அன்று என்பதைத் தேனியின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது. மென்மையான ஓவியங்கள் என்று ஒதுக்கப்பட்டவை உண்மையில் ஓர் உரிமையைப் பதிவு செய்தவை. பிறந்த பெண், பார்க்கப்படும் உரிமை உடையவள்.

தந்தையின் முகம்

இவ்வோவியங்களின் குறையையும் சொல்லியாக வேண்டும். பேணுதல் என்பது முற்றிலும் பெண்களின் உலகமாகவே பெரும்பாலும் இவற்றில் தோன்றுகிறது. கசாட் தம் சகோதரர் அலெக்சாண்டரையும் அவர் மகனையும் சேர்த்துத் தீட்டியதுண்டு, அதிலும் மகனே. மொரிஸோ, தம் கணவர் எழேன் மனே புழிவால் தோட்டத்தில் மகள் ழூலியுடன் இருப்பதை 1881-இல் தீட்டினார். தந்தையும் மகளும் சேர்ந்திருக்கும் அப்படம் அக்கால ஓவியத்தில் அரியது. 1895-இல், நோயுற்ற மகளைப் பேணியதால் தாமும் நோய்வாய்ப்பட்டு மொரிஸோ மறைந்தார். அவ்வளவு ஓவியங்களைப் படைத்தவரின் இறப்புப் பதிவில் தொழில் இல்லாதவர் என்றே எழுதப்பட்டது. வீட்டிலிருக்கும் நம் தாய்மாரிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், சும்மா இருக்கிறேன் என்று அவர்களே சொல்லக் கேட்கிறோம்.

பெண் மகவு பிறந்த செய்தி கேட்டதும் கறுத்துப்போகும் முகத்தைத் திருமறையின் நஹ்ல் அத்தியாயம் சித்திரிக்கிறது. அது தந்தையின் முகம். செய்தியைக் கேட்டவன் ஊராரிடமிருந்து ஒளிந்துகொள்வதையும், அம்மகவை வைத்துக்கொள்வதா மண்ணில் புதைப்பதா என்று தடுமாறுவதையும் அது காட்டுகிறது. தக்வீர் அத்தியாயமோ, புதைக்கப்பட்ட அப்பெண் மகவே மறுமையில் வினவப்படும் காட்சியை முன்வைக்கிறது. அக்கறுத்த முகத்திற்கு எதிராக நபிமொழித் தொகுப்புகள் மற்றொரு காட்சியை நமக்குத் தந்துள்ளன. அண்ணலார் (ஸல்) தம் மகள் ஸைனப் (ரலி) அவர்களின் பெண் குழந்தை உமாமாவைத் தோளில் சுமந்தவாறே தொழுகை நடத்தினார்கள். சிரம் பணியும்போது இறக்கிவிட்டு, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். வழிபாட்டின் நடுவே, மக்கள் அனைவரும் காண, ஓர் ஆண் பெண் மகவைச் சுமந்த காட்சி அது. எந்த ஓவியரும் அதனைத் தீட்டவில்லை, தீட்டவும் வேண்டியதில்லை. கேட்டவர் நெஞ்சில் அது பதினான்கு நூற்றாண்டுகளாக நிற்கிறது.

இப்பெருமையைப் பேசி நிறைவடைவதற்கு நமக்குத் தகுதி உண்டா என்பதே இறுதி வினா. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் போடியிலும் வாழும் முஸ்லிம் குடும்பங்கள் சிசுக்கொலையைப் பாவமென்று அறிந்தவை. ஆனால் இரண்டாவதும் பெண்ணா என்று மருத்துவமனை வாசலில் எழும் பெருமூச்சு நம் வீடுகளிலும் கேட்கிறது. மணமகன் தரவேண்டிய மஹர் பெயரளவுக்குச் சுருங்கி, மணமகள் வீட்டார் தரும் நகையும் ரொக்கமும் பெருகிய நிலையில் அந்தப் பெருமூச்சு எங்கிருந்து வருகிறதென்று வியக்க வேண்டியதில்லை. வாரிசுரிமையில் மகளுக்கு மறை வகுத்த பங்கை, சீர் செய்துவிட்டோம் என்று சொல்லி மறுக்கும் வீடுகளும் உண்டு.

சீரும் ரொக்கமும் கேட்பதை மணமகன் வீட்டார் நிறுத்துவதும், மகளின் பங்கைத் தந்தை தம் வாழ்நாளிலேயே எழுத்தில் உறுதிசெய்வதும் ஜமாஅத்துகளின் கையில் உள்ள செயல்கள். அவை நிகழும் நாளில், பெண் பிறந்த செய்தியோடு வரும் செவிலியரின் முன் தந்தையின் முகம் கறுக்கக் காரணம் இராது. எட்மாவின் முகம் பிளான்ஷை நோக்கிக் குனிந்ததுபோல் அவன் முகமும் தொட்டிலை நோக்கிக் குனியும்.